8.58-க்கு அலறிய காவல்காரன்

வெள்ளிக்கிழமை, காலை 8.58.

பெய்ரூட்டில் ஹம்ரா தெருவுக்குப் பின்னால், ஐந்தாவது மாடியில் இருந்த பாடநூல் பதிப்பகத்தில் ஆறு கணினிகளும் ஒரே நேரத்தில் அலறின. திரையெல்லாம் சிவப்பு. 'ஒரு நிரல் உங்கள் கோப்புகளைத் தாக்குகிறது' என்றது புதிதாக வாங்கிய வைரஸ் தடுப்பான். சொன்னதோடு நிற்காமல், வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய ஐந்தாம் வகுப்புப் புவியியல் புத்தகம் முழுவதையும் பூட்டிப்போட்டது.

முதலாளி முன்ஸிர் ஓடிவந்தார். நல்ல மனிதர்தான்; கோபம் வந்தால் மட்டும் காது கேட்காது.

"மூணு வருஷமா இங்க ஒரு பக்கம்கூடத் தொலைஞ்சதில்ல! இந்த வாரம் மட்டும் இது நாலாவது தடவை. எவன் வேலை இது?"

ஒரு நாற்காலி காலியாக இருந்தது. 8.59-க்கு லிஃப்ட் கதவு திறந்தது. பக்கம் வடிவமைக்கும் ரவாத், எல்லோருக்குமாகச் சுடச்சுட மனாகீஷ் ரொட்டியைச் சுமந்துகொண்டு வந்தான்.

"ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா அஞ்சு மாடியும் ஏறியிருக்கணும்!" என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவன் சேர்ந்தது இந்த வாரத் திங்கட்கிழமைதான். அலறல் ஆரம்பித்ததும் அதே திங்கட்கிழமை. ஒவ்வொரு முறை அலறும்போதும் அவன் இடத்தில் இல்லை. முன்ஸிருக்கு இது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை, 11.50.

வேலை நீக்கக் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. ரவாத் அங்கிருந்தே தன் வருங்கால மனைவி லமீஸுக்குப் போன் செய்து, வேலை போகிறது என்று சொல்லிவிட்டான். ஏழு மாதம் வேலையில்லாமல் அலைந்தவன். இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவள் அப்பா கல்யாணத்துக்கே தலையாட்டியிருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க உஸ்தாஸ்" என்று முதலாளியைத் தடுத்தாள் ஸிஹாம். பதினான்கு வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துபவள். அடுத்தவர் தப்பைக் கண்டால் அவளுக்குச் சோறுகூட வேண்டாம்.

"மேடம் ஸிஹாம், இது காற்புள்ளி விவகாரம் இல்ல."

"காற்புள்ளியையே கவனிக்கிறவ இதையும் கவனிப்பேன். ரவாத், இங்க வா. அலறினப்பல்லாம் எங்க இருந்தே?"

"லிஃப்ட்ல, மேடம்."

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையும்தான். ரொட்டி, காபின்னு வாங்கிட்டு, லிஃப்ட் நிக்கறதுக்குள்ள மேல வந்துடணுமே."

ஸிஹாம் மெய்ப்புத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் அவள் கையெழுத்து: திங்கள் 8.58. செவ்வாய் 11.58. புதன் 2.58. வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி 8.58.

"இன்னிக்கு 11.58-க்கு அலறும். ரவாத், எல்லாரும் பார்க்க நடுவுல உட்காரு. கையைத் தலைமேல வை."

உட்கார்ந்தான். வைத்தான். அழுகை வந்துவிடும்போல் இருந்தது அவனுக்கு.

11.58. ஆறு கணினிகளும் அலறின. ரவாதின் கை தலையிலேயே இருந்தது.

"உஸ்தாஸ், நம்ம ஊர்ல தினம் மூணு மணி நேரம் தள்ளித் தள்ளிப் போறது எது?"

"கரண்ட்டு!" என்றார்கள் எல்லோரும்.

சொல்லி வைத்ததுபோல் 12.00-க்கு விளக்கு அணைந்தது. கீழே ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு மறுபடி வந்தது.

"வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்கே போச்சு, அப்ப நாம போர்வைக்குள்ள இருந்தோம். அதான் சத்தமில்ல. கரண்ட்டு போறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி இங்க ஏதோ ஒண்ணு வேலை செய்யுது. சரி, மூணு வருஷத்துக்கு முன்னாடி சரித்திரப் புத்தகம் மொத்தமும் கரண்ட்டோட போச்சே, அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"என் அக்கா மகன்கிட்டச் சொல்லி ஒரு நிரல் எழுதி வாங்கினேன். கரண்ட்டு போகப்போற நேரத்தைக் கணக்குப் பண்ணி, எல்லாக் கோப்பையும் தானாத் திறந்து, ஒரே மூச்சுல சேமிச்சு..." முன்ஸிர் நிறுத்திவிட்டார்.

"ஊருக்கே தெரிஞ்ச மின்வெட்டு, எங்கிருந்தோ வந்த இந்தத் தடுப்பான் காவல்காரனுக்குத் தெரியுமா? யாரும் சொல்லாம ஒருத்தன் எல்லாக் கோப்புலயும் ஒரே நேரத்துல கை வச்சா அதுக்குத் திருடன்தான். குற்றவாளி நீங்கதான், உஸ்தாஸ். திங்கட்கிழமை இங்க புதுசா வந்தது ரெண்டு பேர். சாப்பிடுறவனைச் சந்தேகப்பட்டீங்க, சாப்பிடாததை விட்டுட்டீங்க. ஜெனரேட்டர்ல லிஃப்ட் ஓடாதே, அது நிக்கறதுக்குள்ள இவன் ஓடிவந்ததும் அதே மின்வெட்டுக்காகத்தான்."

அறையே குலுங்கச் சிரித்தது. முன்ஸிர் கடிதத்தைக் கிழித்தார். ரவாதைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துக் கடவுச்சொல்லைச் சொன்னார். 'இந்த நிரல் நம்முடையது, விட்டுவிடு' என்று ரவாத் தடுப்பானுக்குக் கட்டளை கொடுத்தான். சிவப்பு மறைந்தது. மலையும் நதியுமாகப் புவியியல் திறந்துகொண்டது.

"போனைக் குடு" என்றார் முன்ஸிர்.

"யாருக்கு, உஸ்தாஸ்?"

அவரே வாங்கி, ரவாத் கடைசியாகப் பேசிய லமீஸின் எண்ணை அழுத்தினார். "மகளே, உன் மாப்பிள்ளையைத் திருடன்னு சொன்ன கழுதை பேசறேன். அவன் வேலை எங்கயும் போகல. உங்கப்பாகிட்ட நானே நேர்ல வந்து சொல்றேன்."

அந்தப் பக்கம் அவள் பேசத் தொடங்கினாள். முழுதாகப் பத்து நிமிடம் பேசினாள். முன்ஸிர் எழுந்து நின்று, தலையை ஆட்டி ஆட்டி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.