பிறகு என்னும் பொத்தான்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்தால், அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை.

காற்று கெட்டுப்போன காலம். கடலோர உப்பளத் தெருவில் மூச்சுப்பெட்டி இல்லாத முதுகே கிடையாது. காலையில் எழுந்ததும் சந்தனமாரி தன் பெட்டியின் வடிகட்டியைக் கழுவுவாள். அப்புறம் கணவர் முத்துக்குட்டியுடையதை. பக்கவாதத்தில் அவருக்குக் கைகள் சுவாதீனமில்லை.

பெட்டிக்குள் ஓர் இயங்குதளம். அவ்வப்போது அதற்கு அப்டேட் வரும். அது ஏறி முடியும்வரை, ஓர் உலை கொதிக்கிற நேரம், பெட்டி நின்றுவிடும். முதுகிலுள்ள கைப்பிடியை வேறொருவர் சுற்றினால்தான் மூச்சு. அதனால் தெருவின் கீழ்வரிசை வீடுகளுக்கு அப்டேட் ஏறும்போது மேல்வரிசை ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு வந்து சுற்றும். மறுநாள் மேல்வரிசைக்குக் கீழ்வரிசை.

ஒரு நாள் பெட்டியின் திரையில் ‘பிறகு’ இல்லை. நண்பகலில் எல்லோருக்கும் ஒன்றாக ஏறும் என்றிருந்தது.

சந்தனமாரி பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம். நெறைய பேர் தள்ளிப் போட்டுட்டே இருக்காங்க,” என்றான் ஒருவன்.

“எல்லாப் பெட்டியும் ஒண்ணா நின்னா யாருய்யா யாருக்குச் சுத்துவா?”

“பெட்டி இல்லாத ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கங்க மேடம்.”

“எங்க ஊர்ல பெட்டி இல்லாதவுக சுடுகாட்டுலதான் இருக்காக. கூட்டியாரவா?”

இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

தெருவே வட்டமாக உட்கார்ந்தது. ஒவ்வொருவர் கையும் முன்னால் இருப்பவர் முதுகில். சந்தனமாரிக்கு முன்னால் நிறைமாதக்காரி செல்வக்கனி. முத்துக்குட்டியால் சுற்ற முடியாதே. அவரை வட்டத்துக்கு வெளியே, தன் இடக்கைக்கு எட்டுகிற இடத்தில் உட்காரவைத்தாள்.

“ரெண்டு கைக்கும் வேல. இன்னைக்காவது வாய் ஓயுமாக்கா?” என்றாள் செல்வக்கனி.

“பேசாம மூச்ச விடுட்டி.”

பெட்டிகள் நின்றன. கைப்பிடிகள் சுழன்றன. ஒற்றைக் கைக்கு அது கனம். சந்தனமாரியின் இரண்டு கையும் தளர்ந்தன. செல்வக்கனியின் தலை சாய்ந்தது.

முத்துக்குட்டி பார்த்தார். “ஏளா, அந்தப் பிள்ளையப் பாரு,” என்றார். உடம்பை முன்னால் சரித்தார். அவர் பெட்டியின் கைப்பிடி சந்தனமாரியின் பிடியிலிருந்து நழுவியது.

“பின்னால வாங்க. வாங்கங்கேன்ல,” என்று கத்தினாள். திட்டினாள். எழுந்து அவரிடம் போனால் இங்கே தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிர் போகும். இரண்டு கையாலும் செல்வக்கனிக்குச் சுற்றினாள், அவரைப் பார்த்துக்கொண்டே.

அவர் உடலைத் தெரு சுடுகாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கம்பெனி வாசலில் கிடத்தியது.

“இங்க வைக்கக் கூடாதும்மா,” என்றான் காவலாளி.

“பொத்தான வச்சா எடுத்துக்கிடுதேன். போய்ச் சொல்லு.”

‘பிறகு’ பொத்தானைத் திரும்ப வைத்தார்கள். வாடிக்கையாளர் நலனுக்காக ஒரு புதிய வசதி என்று ஊரெல்லாம் விளம்பரமும் செய்தார்கள். அதில் முத்துக்குட்டியின் பெயர் இல்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் ஒருவர் வாழ இன்னொருவர் சரிந்துகொடுக்கும் நாள் வரவே வேண்டாம். பிள்ளை குட்டிகளோடு எல்லோரும் நிறைந்து இருங்கள்.