பதினொரு நொடிப் பார்வை

தூத்துக்குடி பார்வை மன்றத்தில் தன் பெயர் அழைக்கப்பட்டபோது இசக்கிமுத்துவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருபது வருடமாக முகப்படம் எடுப்பவர். ஒருமுறைகூட இந்தப் படி ஏறியதில்லை.

ஒளிந்திருந்து படமெடுப்பவர்களை ஒடுக்க வந்தது நோக்குப்பதிவி. எல்லாக் கேமராவிலும் அது கட்டாயம். படமெடுப்பவரின் கண், எதிரில் இருப்பவர் உடம்பில் எங்கே எத்தனை நொடி நின்றது என்று பதிந்து வைத்துக்கொள்ளும். எதிரில் இருந்தவர் கேட்டால் மன்றம் அதைத் திரையிட்டாக வேண்டும். பார்வையில் குற்றம் தெரிந்தால் உரிமம் போகும். மானமும் போகும்.

இம்முறை கேட்டவர் பியூலா. துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். போன வருடம் பணி அட்டைக்காக இசக்கிமுத்துவிடம் படம் எடுத்துக்கொண்டவர். அன்று எங்கே பார்த்தோம் என்று எவ்வளவு யோசித்தும் இசக்கிமுத்துவுக்கு நினைவு வரவில்லை. தன் கண்ணைப் பற்றித் தனக்கே நிச்சயமில்லை என்பதுதான் அவரை வதைத்தது.

நடுவர் தில்ஷாத் திரையை ஓடவிட்டார். பியூலாவின் உருவத்தின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது. கண்கள். நெற்றி. உதடு. பிறகு கழுத்துக்கு இறங்கியது. இசக்கிமுத்து மூச்சை அடக்கிக்கொண்டார். புள்ளி அதற்குக் கீழே போகவில்லை. தொண்டையின் இடப்பக்கம் பதினொரு நொடி அசையாமல் நின்றது.

"இதுல குற்றம் எதுவும் இல்லையே," என்றார் நடுவர்.

"தப்பாப் பாத்தார்னு நான் சொல்லலியேம்மா," என்றார் பியூலா. "அந்த மாசம் எடுத்த மத்த படத்துலலாம் என் கழுத்துல வீக்கம் இருக்கு. இவரு எடுத்ததுல மட்டும் இல்ல. அதான் கேக்க வந்தேன்."

இசக்கிமுத்துவுக்கு எல்லாம் நினைவு வந்தது.

"எச்சில் முழுங்கும்போது மேல ஏறி எறங்குச்சு. படம் அழகா வரணும்னு அதை அழிச்சிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"அங்க எதுக்குய்யா பாத்தன்னு கேட்டுருவீங்களோன்னு பயம்மா."

பியூலா காலரை விலக்கினார். மெல்லிய தழும்பு ஒன்று தெரிந்தது.

"ஆறு மாசங்கழிச்சு டாக்டர் கண்டுபிடிச்சாரு. புத்துநோய். எடுத்தாச்சு. இனி பயமில்லைன்னு போன வாரந்தான் சொன்னாங்க. அந்த வீக்கம் எங்க வீட்டுக்காரரு கண்ணுக்குக்கூடத் தெரியல. ஒருத்தர் கண்ணுலயாவது பட்டுச்சான்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு."

இசக்கிமுத்து இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"அழாதீங்க அண்ணாச்சி. உசுரோடதான இருக்கேன்! இனிமே யாருகிட்டயாவது இப்படி எதாச்சும் பாத்தா வாயைத் தொறந்து சொல்லிருங்க."

நடுவர் சட்டப் படிவத்தைப் புரட்டினார். பார்த்த குற்றத்துக்கு அதில் பதினேழு பிரிவுகள் இருந்தன. பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததற்கு ஒன்றுகூட இல்லை. 'விடுவிப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்து கடற்காற்றை நெஞ்சு நிறைய இழுத்தார் இசக்கிமுத்து. பின்னால் யாரோ வேகமாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. நடுவர் தில்ஷாத். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முகத்தை வெயிலுக்குத் திருப்பினார்.

"இங்க நோக்குப்பதிவி எதுவும் இல்ல," என்றார் தாழ்ந்த குரலில். "கூச்சப்படாம, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."