அறையில் இன்னொருவர் இருக்கிறார்

அறையில் உங்களைத் தவிர இன்னொருவர் இருக்கிறார், அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தொடருங்கள் என்று லேப்டாப் திரையில் ஒரு சிவப்புப் பட்டை வந்து நின்றது.

இருதயராஜ் திரும்பிப் பார்த்தார். பீரோ இருந்தது. அதன் கைப்பிடியில், வேலை கிடைத்தால் போட்டுக்கொள்ள மனைவி ஸ்டெல்லா இஸ்திரி போட்டு மாட்டிய நீலச் சட்டை இருந்தது. மழைக்காக உள்ளே கட்டிய கொடியில் நாலு நாளாகக் காயாத துணிகள், கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மாலையோடு அப்பா. ஆள் என்று பார்த்தால் அப்பா ஒருவர்தான். அவரும் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ரிடையராகி, செத்துப் பதினோரு வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோதே பரீட்சைக்கு உதவி செய்தவர் இல்லை. இருந்தாலும் எழுந்து போய் அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பட்டை மறைந்தது. முதல் எச்சரிக்கை, மூன்றாவதில் பரீட்சை ரத்து, என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

மணி மூன்றரை. ஐந்துக்குள் முடிக்க வேண்டும். வெயில் என்பதையே மறந்துவிட்ட ஆகஸ்ட் மாதப் பகல். ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டிருந்தார்.

போசரி தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்த அவரை வேலையிலிருந்து அனுப்பி எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் இது இருபத்து மூன்றாவது பரீட்சை. நட்டையும் போல்ட்டையும் எண்ணி அடுக்கும் வேலைக்குக்கூட, நீ எப்படிப்பட்ட மனிதன் என்று நூற்று இருபது கேள்வி கேட்காமல் இப்போது யாரும் முகம் பார்ப்பதில்லை. தளேகாவ் கோடவுன் வேலை மற்றபடி முடிந்த மாதிரிதான். பேட்டி ஆயிற்று. இது ஒன்றுதான் பாக்கி. நாற்பத்தெட்டு வயதுக்காரரை இன்னொரு தடவை யாரும் கூப்பிடப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வழி சொன்னவன் இர்பான். கூட வேலை பார்த்தவன். இப்போது மகர்பட்டாவில் ஒரு கட்டடத்துக்குப் பொறுப்பாளன்.

"அரே இருதயம், டென்ஷன் ஏன் எடுத்துக்கிறே? உன்னைப் பத்தி எழுதினா உனக்கு யாரு வேலை குடுப்பான்? வேலை கிடைக்கிற ஆளு ஒருத்தனை மனசுல வெச்சுக்கோ. அவன் என்ன சொல்லுவானோ அதைப் போடு."

"பொய்னு கண்டுபிடிச்சா?"

"மாத்தி மாத்திச் சொன்னாத்தான்டா பொய். ஒரே ஆளையே எல்லா இடத்துலயும் சொல்லு, அவ்ளோதான்."

அப்படித்தான் அந்த ஆளை இருதயராஜ் உண்டாக்கினார். களைக்காத ஆள். கோபப்படாத ஆள். தினம் சவரம் செய்து, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற ஆள். பரீட்சைக்குப் பரீட்சை அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மெருகேற்றினார். இப்போது யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போய் அமுக்கும்.

புதிய மனிதர்களைச் சந்திப்பதில் எனக்கு மகிழ்ச்சி. முற்றிலும் சம்மதம்.

நான் ஒருபோதும் சோர்வதில்லை. முற்றிலும் சம்மதம்.

அமுக்கிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

அடுக்களையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. மழையாக இருக்கும். ஒரு வாரமாகவே வீட்டில் இப்படிச் சில காரியங்கள் நடந்தன. காலையில் பார்த்தால் பாத்திரம் கழுவியிருக்கும், ஷூ பாலிஷ் போட்டிருக்கும். ஸ்டெல்லாவின் வேலை என்று அவர் நினைத்தார், அவர் வேலை என்று அவள் நினைத்தாள். இரண்டு பேருக்கும் மற்றவரிடம் ஒரு பிரியம் வந்திருந்தது. கேம்ப் ஏரியாவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள், இன்று காலை லோக்கல் ரயிலுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"நேத்து ராத்திரி நீங்க பேசினது நல்லா இருந்துச்சுங்க. இவ்ளோ நாளா எங்க வெச்சிருந்தீங்க இந்தப் பேச்சை?"

நேற்று அவர் எட்டரைக்கே படுத்துவிட்டார்.

"என்ன பேசினேன்?"

"ஆங், தெரியாத மாதிரி." சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலே கேட்க அவருக்குத் தெம்பில்லை. கேட்டு அந்தச் சிரிப்பைக் கெடுக்கவும் மனசில்லை.

நூற்றுப் பதினாறாவது கேள்வியில் சவர சோப்பின் வாசனை வந்தது. காயாத துணியின் முடைநாற்றத்துக்கு ஊடாக, ஈரமாய், குளிர்ச்சியாய், யாரோ இப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பதுபோல. இருதயராஜ் தாடையைத் தடவிப் பார்த்தார். மூன்று நாள் தாடி சொரசொரத்தது.

சிவப்புப் பட்டை. இரண்டாவது எச்சரிக்கை. கூடவே ஒரு பெட்டி திறந்தது. பரீட்சையைக் கண்காணிக்கிற பெண், பெயர் ப்ரீதி என்று போட்டிருந்தது, இங்கிலீஷில் எழுதினாள். சார், உங்கள் பின்னால் நிற்கிறவரைப் போகச் சொல்லுங்கள்.

யாரும் இல்லை, தனியாகத்தான் இருக்கிறேன் என்று அடித்தார்.

நீலச் சட்டை போட்டவர், சார். சிரிக்கிறாரே.

திரும்பினார். பீரோக் கைப்பிடியில் ஹேங்கர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுபடி திரையைப் பார்த்தார். மூலையில், கேமரா அவரைக் காட்டுகிற சின்னக் கட்டத்தில், அவருடைய தோளுக்கு மேலே ஒரு நீலம்.

கேள்வி நூற்றுப் பதினேழு. எனக்கு எளிதில் களைப்பு வருகிறது.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக உண்மையை அமுக்கினார். ஆமாம். பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அடுத்தது: நான் பொய் சொல்லியிருக்கிறேன். ஆமாம். கட்டத்தில் நீலம் வெளுத்தது. அடுத்தது: சில நாட்களில் எழுந்திருக்கவே பிடிப்பதில்லை. ஆமாம், ஆமாம். நீலம் சுவரோடு சுவராய்க் கரைந்தது. சோப்பு வாசனை போயிற்று. துணி நாற்றம் மட்டும் இருந்தது. அவ்வளவு நல்ல நாற்றத்தை அவர் முகர்ந்ததில்லை.

திரை சொன்னது: உங்கள் பதில்கள் முன்பு சொன்னவற்றோடு பொருந்தவில்லை. இப்படியே சமர்ப்பித்தால் நிராகரிக்கப்படலாம். திருத்துகிறீர்களா?

மணி நாலே முக்கால்.

காலையில் வாசலில் ஸ்டெல்லா சிரித்தாள். அதை நினைத்தார். இருபத்து நாலாவது பரீட்சையை நினைத்தார். ரொம்பக் களைப்பாக இருந்தது.

திருத்தினார். ஒன்று. இரண்டு. மூன்று.

கடைசிக் கேள்வி. மேலே சொன்ன எல்லாம் நானே.

முற்றிலும் சம்மதம்.

ஒரு கை தோளைத் தொட்டது. சூடான கை.

துள்ளி எழுந்தார். பின்னாலேயே நகர்ந்து கதவோர நாற்காலியில் போய் விழுந்தார்.

மேஜை நாற்காலி காலியாக இல்லை.

திரையில் பச்சைப் பட்டை. அறையில் ஒருவர்தான் இருக்கிறார். நன்றி, இருதயராஜ்.

கட்டத்தில் மழித்த கன்னம். நீலக் காலர். இருதயராஜ் கையைத் தூக்கினார். கட்டத்தில் எதுவும் தூக்கவில்லை.

பூட்டில் சாவி திரும்பியது. ஸ்டெல்லா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது. நீ உக்காரு, சாய் நான் போடறேன்." மேஜைப் பக்கமிருந்து வந்தது அவருடைய குரல்தான். களைப்பு மட்டும் இல்லை.

"அட. சட்டை வேற போட்டாச்சா?" என்று சொல்லி, அப்பாவின் படத்தைப் பார்த்தாள். "இவரை ஏன் திருப்பி வெச்சீங்க?" திருப்பி மாட்டினாள். பிறகு நனைந்த பையைக் கதவோர நாற்காலியில், இருதயராஜின் மடியில், வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பையின் ஈரம் தொடையில் இறங்கியது. கனம் தெரியவில்லை. அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார்.

உள்ளே இரண்டு டம்ளரை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

நீலச் சட்டைக்காரன் அவள் பின்னால் உடனே போகவில்லை. மேஜை நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டு, எதிரில் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, இருதயராஜை ஆசையாகப் பார்த்தான். புதிய மனிதர்களைச் சந்திப்பதில் அவனுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.