பேரூர்க்கடையில் பிளந்த மணியாஸ் கட்டை

காலை எட்டரை மணி. பேரூர்க்கடையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் ஸ்டோர் ரூமில் மூங்கில் கட்டை சிமெண்ட் அப்பியபடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. மாற்றுக்கு வைத்திருந்த புதுக்கட்டையைக் காணவே காணோம்.

சுவர்ப் பூச்சைத் தேய்த்து மழமழப்பாக்கும் மணியாஸ் கட்டைதான் அது. வித்துராவில் பட்டறை வைத்திருக்கும் பிரேமா மூங்கில் நாரை அழுத்திச் செய்தது. ஆறு மாதம் தாங்கினால் கட்டிடம் கட்டும் கம்பெனியின் எல்லாக் கட்டிடத்துக்கும் ஆர்டர். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. இன்றுதான் கடைசி நாள். பாவம், பிரேமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

தரம் பார்க்க வந்த இன்ஜினியர் திவ்யலட்சுமி லேசில் எதையும் நம்புகிறவள் அல்ல.

"ஸ்டோர் சாவி?"

"என்கிட்ட. கொத்தனாரும் எடுப்பாரு," என்றார் ஸ்டோர் பார்க்கும் பத்மகுமார். பிளாஸ்டிக் கட்டை சப்ளை செய்வது அவருடைய மச்சான். எல்லார் கண்ணும் அவர்மேல்தான் இருந்தது. "மூங்கில் சரியாவில்லன்னு நான் அன்னே பறஞ்சதல்லே மேடம்?" என்றார் அவர் மலையாளம் கலந்து.

"எப்ப ஒடைஞ்சுது?" என்று தலைமைக் கொத்தனார் சொரிமுத்துவிடம் கேட்டாள்.

"நேத்து தேய்க்கும்போதே பொளந்துட்டும்மா," என்றார் அவர், வலது தோளை நீவிக்கொண்டே.

அலமாரியில் அவருடைய கரண்டியும் ரசமட்டமும் இருந்தன. அவற்றின் இடுக்குகளில் போன மாதத்து ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"பூசைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வச்சீங்களா?"

"வேல பாக்குற சாமான விட முடியுமா? மூங்கில் கட்டைக்குத்தான் மொதப் பொட்டு."

திவ்யலட்சுமி உடைந்த கட்டையைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கழுவினாள். இன்னும் இறுகாத சிமெண்ட் கரைந்து போனது. பிடியின் இடுக்கை நகத்தால் சுரண்டினாள். குங்குமத்தின் சுவடே இல்லை.

"இது ஸ்டோர்ல தூங்கின புதுக்கட்டை. அத ஒடைச்சு சிமெண்ட் பூசியிருக்கு. காணாமப் போனதுதான் ஆறு மாசம் ஒழைச்சது. அத எடுங்க கொத்தனாரே."

சொரிமுத்து சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டில் பொதிந்த கட்டையை எடுத்து நீட்டினார். பிடியிடுக்கில் குங்குமம் செக்கச்செவேலென்று இருந்தது.

"சோதன முடிஞ்சா கட்டையத் திருப்பி வாங்கிருவோம்னாங்க கம்பெனில. குடுக்க மனசு வரலம்மா. ஒடைஞ்சுட்டுன்னா கேக்க மாட்டாங்கல்லா. இந்தப் பிள்ள பொழப்புல மண் விழும்னு எனக்குத் தோணல."

திவ்யலட்சுமி கட்டையின் அடியில் இரும்பு மட்டக்கோலை வைத்து வெயிலில் பிடித்தாள். மயிரிழை வெளிச்சம்கூட ஊடே வரவில்லை; அடி கொஞ்சமும் தேயவில்லை. எத்தனை சுவர் தேய்த்த கட்டை! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பத்மகுமார்கூட வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "அம்போ," என்று வியந்தார்.

"ஆர்டர் போடச் சொல்றேன்," என்றாள் திவ்யலட்சுமி.

பிரேமா சொரிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதுச எதால ஒடைச்சீங்க அண்ணாச்சி?"

"பெரிய சம்மட்டியாலத்தான். லேசுல ஒடையல தாயி. இப்பவும் தோளத் தூக்க முடியல."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை பிரேமாவுக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.