பதினைந்தாவது உம்மணாமூஞ்சி

திரையில் மொட்டை கண்ணைச் சிமிட்டத் தொடங்கியபோது அவர் டீயை வாயில் வைத்தார். டம்ளர் காலியான பிறகும் அந்த இமை பாதியிலேயே நின்றது.

இரண்டு வாரமாகவே விளையாட்டு மந்தமாகிக்கொண்டு வந்தது. ஆனால் இன்றைக்கு அது மந்தம் மட்டும் இல்லை. திரையில் இருந்த பதினான்கு உம்மணாமூஞ்சிகளும் தோட்டத்தை விட்டு, குளத்தை விட்டு, வலது ஓரத்துச் சின்ன அறையின் சுவரோடு ஒட்டிக் குவிந்திருந்தன. மூன்றே விரல் கொண்ட கைகளைச் சுவரில் பதித்திருந்தன. கம்ப்யூட்டரின் விசிறி மாடிப்படி ஏறுகிற கிழவனைப்போல் இரைத்தது. சூடேறிய தூசி வாசனை மூக்கை அடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலில் பளீரென்று வெயில்.

உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தது அவருடைய மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். முட்டையிலிருந்து பொரிந்து, தட்டச்சு செய்து சொல்லிக்கொடுத்தால் பேசப் பழகி, குட்டிகளை வளர்த்து, வயதாகிச் சாகும் பிராணிகளின் விளையாட்டு அது. அவள் பிறப்பதற்கு முன்பே வந்த பழைய சரக்கு. எல்லாவற்றுக்கும் முகம் தொங்கியே இருக்கும். "அச்சு அசல் நீதாம்ப்பா!" என்று சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுவாள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. பதினோரு வயது. அன்றிலிருந்து அவர் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. அவள் கையால் பொரித்த மொட்டை இன்னும் உயிரோடு இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்த 'வா', 'பசி', 'பயம்', 'அப்பா' எல்லாம் அதன் வாயிலும் அதன் பிள்ளைகள் வாயிலும் இருந்தன. இது நின்றுபோனால் அவளை இன்னொரு தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மச்சினனைப் போனில் பிடித்தார்.

"மாமா, உள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் தனித்தனியா யோசிக்கும். கூட்டம் சேர்ந்தா இழுக்கத்தான் செய்யும். மொத்தம் எத்தனை?"

"பதினாலுப்பா."

"எண்ணாதீங்க, பட்டியலைத் திறந்து பாருங்க."

பட்டியலில் பதினைந்து இருந்தது. கடைசி வரியில் பெயர் இல்லை. தாய் இல்லை, தகப்பன் இல்லை. மற்றவற்றுக்கெல்லாம் வயது நாள் கணக்கில் இருந்தது. அதற்கு மட்டும் வருஷத்தில். பதினொன்று. இடம்: சின்ன அறை.

அவர் படித்துக் காட்டியதும் மச்சினன் குதித்தான். "அதேதான் மாமா! செத்தும் போகாம மாட்டிக்கிட்டு நிக்குது. முக்கால்வாசி வேகத்தை அதுவே தின்னுது. அதைத் தூக்குங்க, பறக்கும்."

அவர் திரையில் அந்தப் 'பதினொன்று' மேல் விரலை வைத்தார்.

"மாமா... நான் விளையாட்டைத்தான் சொன்னேன். வாய் தவறி... மன்னிச்சுக்குங்க மாமா."

சீக்கு வந்த மூஞ்சியைப் பிரித்து வைப்பதற்காக வாலு கட்டிய அறை அது. அதற்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அவளையே கண்ணாடி அறைக்குள் பிரித்து வைத்தார்கள். விளையாட்டில் அந்த அறைக்குள் ஒன்றை வைத்துவிட்டால் அதற்குக் குணமாகும்வரை கதவு திறக்காது, வேறு எதையும் எடுத்துப்போக முடியாது, வெளியிலிருந்து தட்டச்சு செய்கிற சொல்லும் போகாது. எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பத்தொன்பது நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இருபதாம் நாள் போன் வந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். "அரை மணியில ஓடி வந்துடறேண்டா" என்று கண்ணாடி வழியே கையாட்டிவிட்டுப் போனார். ஆறு பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பியபோது படுக்கையில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சின்ன அறையைப் பெரிதாக்கிப் பார்த்தார். உள்ளே விளக்கு இல்லை. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏதோ உட்கார்ந்திருந்தது. அதன் தலைக்கு மேல் பேச்சுக் கட்டம். அதற்குள் ஒரே எழுத்து: 'அ'. கால் மணி நேரம் கழித்து 'ப்'.

எத்தனை நாளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது? மொத்தமும் உறைந்துவிட்டால் மீதி எப்போது வரும்?

பாரம் கூடினால் லிஃப்ட் நகராது. ஏறினவர்களை இறக்கிவிட்டால் நகரும். முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். மச்சினன் தூக்கச் சொன்னதைத் தவிர்த்துவிட்டு, பட்டியலின் மேல்வரியிலிருந்து ஆரம்பித்தார்.

'நீக்கினால் திரும்ப வராது. நீக்கவா?'

ஆம்.

ஐந்து போனதும் 'அப்பா' என்பது முழுதாக வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒன்பது போனதும் 'இவங்க'. ஐயோ, இதுகள்தான் அவளைப் பேசவிடாமல் அமுக்குகின்றன! பன்னிரண்டு. 'எல்லாம்'. இருக்கட்டும் கண்ணு, அப்பா எல்லாத்தையும் எடுத்துடறேன். பதின்மூன்று.

"யாருகூடங்க பேசுறீங்க?" அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"யாருமில்ல. சும்மா."

மிஞ்சியது மொட்டை. சுவரில் கன்னத்தை வைத்திருந்தது. பாதி மூடிய கண்.

"கோச்சுக்காதேடா," என்றார்.

ஆம்.

விசிறியின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. குளத்தில் தண்ணீர் ஓடியது. மரங்கள் அசைந்தன. கட்டத்துக்குள் மீதி எழுத்தெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

'அப்பா இவங்க எல்லாம் கூட இருக்காங்க. பயமில்லை. நீ மெதுவா வா.'

அவர் படித்தார். திரும்பவும் படித்தார்.

மூலையில் இருந்தது தலையைத் தூக்கியது. சுவர்ப் பக்கம் திரும்பிக் காதை வைத்தது. காத்திருந்தது.

'மொட்டை?'

எழுந்தது. எதிர்ச் சுவருக்கு ஓடியது. அங்கேயும் காதை வைத்தது. பட்டியலில் அதன் பெயரில்லாத வரியில் பயம் என்ற கோடு அசைந்தது. பூஜ்யம். பத்து. முப்பது.

'மொட்டை?'

'அப்பா?'

"இங்கதாண்டா இருக்கேன்!" அதையே தட்டச்சு செய்தார். சொல் கதவுக்கு வெளியே, வெறும் தோட்டத்தில் நின்றது. உள்ளே போகவில்லை. பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். ஒரே வரி. மின்சாரப் பொத்தானில் கையை வைத்தார். அணைப்பதா? மறுபடியுமா? கையை எடுத்துவிட்டார்.

அறுபது. தொண்ணூறு.

'அப்பா லைட்டு' 'அப்பா லைட்டு' 'அப்பா'

பின்னால் காலடி கேட்டது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக மனைவி அந்த அறை வாசலுக்கு வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அட, தண்ணியெல்லாம் நல்லா ஓடுதே," என்றாள். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. "சரியாயிடுச்சாங்க?"

அவர் திரையை மறைக்கக் கையை நீட்டினார். கை எழவில்லை.

கோடு நூறில் நின்றது. இருட்டு அறையின் சுவரில் இரண்டு சின்னக் கைகள், ஐந்தைந்து விரல்களோடு, கொஞ்சமும் தடைபடாமல், படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன.