சுண்ணக்கோட்டின் உள்ளே

மாதக்கணக்காகக் கொட்டகைக்குள் இரும்புத் தாங்கிகளின்மேல் காய்ந்து நின்ற அந்தப் படகின் வால்பக்கக் குளியல் மேடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காள் அதைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாள். எவனோ ஒரு சோம்பேறி கழுவிவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறான் என்று முடிவுகட்டினாள். படகுகளைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்வது அவள் தொழில். மனிதர்களைத் தட்டாமலேயே சொல்லிவிடுவாள்.

"இத்தாலிக்காரன் கைவண்ணம் அக்கா! எக்ஸ்பிரஸ் குரூசர், வேகமாப் பறக்கிற உல்லாசப் படகு!" என்று மேல்தளத்திலிருந்து கூவினான் தங்கையின் கணவன். இதை வாங்குவதென்று முடிவெடுத்த நாள்முதல் தன்னைத்தானே 'கேப்டன்' என்று அழைத்துக்கொள்பவன். முழங்கால் அளவு நீரிலும் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். "பொத்தானை அமுக்கினா கூரையே விலகுது, பாருங்க!"

கூரை முனகிக்கொண்டு விலகியது. அக்காள் அண்ணாந்தும் பார்க்கவில்லை. இந்த இனத்தை அவள் அறிவாள். கத்திபோல் தாழ்ந்து நீண்ட உருவம். வெயில் காய்வதற்கு மூக்கின்மேல் ஒரு மெத்தை, வாலின்மேல் இன்னொரு மெத்தை, வால்மெத்தைக்கு அடியில் குட்டிப் படகொன்றை விழுங்கி வைத்துக்கொள்ளும் அறை. முகம் தெரியும் மெருகேற்றிய மரம், கையால் தைத்த தோல். வெளியழகுக்காக உயரத்தை வெட்டிவிட்டுப் படுக்கையறைகளைத் தளத்துக்கு அடியில் திணித்து, அந்த நெருக்கடி தெரியாதிருக்கச் சுவரெங்கும் கண்ணாடி பதித்திருந்தார்கள். கடலைக் காண்பதற்கன்று, கடலில் தம்மைக் காட்டிக்கொள்வதற்கென்று செய்த பண்டம்.

ஏணியடியில் நின்ற தங்கை, தளர்ந்துபோன தன் மோதிரத்தால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். டிக், டிக். சிறுமியாக இருந்தபோதே அச்சம் வந்தால் எதையாவது தட்டுவாள்.

"எப்படியாவது வேணாம்னு சொல்லிடுக்கா. அந்த நடு அறைக்குள்ள போனா என்னவோ மாதிரி இருக்கு. யாரோ ஏற்கெனவே படுத்திருக்கிற மாதிரி."

"யாரு? படகுக்குப் படம் வரைஞ்ச இத்தாலிக்காரனா?"

"விளையாடாதக்கா."

"குறை இருந்தா சொல்லுவேன். உன் பயத்தைக் குறைன்னு சொல்ல முடியுமா? நீ கட்டினது ஒரு கோமாளியை, அதுக்குப் படகு என்ன பண்ணும்? போ, அதே கட்டில்ல போய்ப் படு. பயம் தெளிஞ்சிடும்."

தங்கை ஏணியில் ஏறினாள். மோதிரத்தின் ஓசை படகுக்குள் இறங்கித் தேய்ந்து அடங்கியது.

அக்காள் சிறு சுத்தியலை எடுத்து, வால் பக்கத்திலிருந்து படகின் உடலைத் தட்டத் தொடங்கினாள். கெட்டியான இடம் கணீரென்று விடை சொல்லும். உள்ளடுக்குகள் பிரிந்து காற்றுப் புகுந்த இடம் தொப்பென்று ஒலிக்கும். அத்தகைய இடத்தின் விளிம்பைத் தட்டித் தட்டிக் கண்டறிந்து சுண்ணக்கட்டியால் கோடிட வேண்டும். குட்டிப் படகறைக்குக் கீழே ஒலி தொப்பென்று விழுந்தது. பளபளப்புக்கு அடியில் பொத்தல், எதிர்பார்த்ததுதான் என்று அவள் மகிழ்ந்தாள். எங்கிருந்தோ சேறும் பழைய உப்பும் கலந்த வாடை வந்தது. ஒலியைப் பின்தொடர்ந்து கை கோடிழுத்தது, வளைந்தது, குறுகியது, மீண்டும் அகன்றது. கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்ததும் அவள் பின்னுக்கு நகர்ந்து பார்த்தாள்.

ஒரு தலை. மடங்கிய முழங்கால்கள். மேலே உயர்த்திய ஒரு கை.

"அபத்தம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மேகத்தில் யானையைக் காண்பவர்களை அவள் வாழ்நாளெல்லாம் ஏளனம் செய்தவள். ஐயத்தை அறுத்துவிட, உயர்த்திய கையின்மேல் மறுபடியும் தட்டினாள்.

கணீர்.

தலையின்மேல் தட்டினாள். கணீர். கோட்டுக்குள் எங்கும் கெட்டி. ஒரு முழம் முன்னே தட்டினாள். தொப். இன்னும் முன்னே. கணீர். சற்றுப் பொறுத்து அதே இடத்தில். தொப்.

அது நகர்ந்துகொண்டிருந்தது. நடு அறையை நோக்கி.

"கேப்டன்! அவளை வெளியே வரச் சொல்லு!" அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுவே முதன்முறை.

மேலே ஊதல் ஒலித்தது. அவன் பொத்தான்களோடு விளையாடிக்கொண்டிருந்தான்.

அவள் தாங்கியின் குறுக்குக் கம்பியில் ஏறி நடு அறையின் நீண்ட சன்னலில் முகத்தைப் பதித்தாள். கட்டில். கண்ணாடிகள். கண்ணாடிகளுக்குள் கட்டில்கள். எதிலும் எவரும் இல்லை. மெத்தையில் ஓர் உடலின் பள்ளம். பள்ளத்தில் நீர்.

சன்னலுக்குக் கீழே தட்டினாள். தொப். கை நிற்கவில்லை. பழகிய கை. கோடிழுத்தது. குறுகிய தோள். சரிந்த கொண்டை. மார்போடு ஒடுங்கிய விரல்கள்.

சுத்தியலை இறக்கினாள்.

டிக்.

உள்ளிருந்து. சுவருக்குள்ளிருந்து.

டிக், டிக்.

"அக்கா, எதுக்குக் கத்துறீங்க?" மேலிருந்து அவன் சிரித்தான். "இதோ, எம் பக்கத்துலதான நிக்கிறா! ஏய், என்னடி இப்படி நனைஞ்சிருக்கே? சரி சரி, பாத்து இறங்கு."

அக்காள் சுண்ணக்கோட்டின்மேல் உள்ளங்கையை அழுத்தினாள். டிக், டிக், டிக். விரைவாக. இன்னும் விரைவாக.

ஏணியில் நீர் சொட்டியது. தங்கையின் ஆடை. அதற்குக் கீழே வெளுத்து ஊறிய பாதம், படியைத் தேடி இறங்கியது. கம்பியைப் பற்றிய கை எதையும் தட்டவில்லை. அதில் மோதிரம் இல்லை.