பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

பிரேக் லைட் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க. ஆட்டோ எலக்ட்ரீசியன் ரவிக்குமாருக்கு மிதித்துக் கொடுத்தது அவன் பெண்டாட்டி அகல்யாதான். அடுத்தவர் வண்டி அழுக்காகக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவாள். "மிதி" என்றால் மிதிப்பாள், "விடு" என்றால் விடுவாள். அவன் வாயைத் திறக்கத் தாமதமானால் சட்டுச்சட்டென்று இரண்டு மிதி விழும். என்னய்யா, எரியுதா இல்லையா என்று அதற்கு அர்த்தம்.

போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகுட்டியும் கிடையாது. அதன் பிறகு மானகிரியில் இருக்கும் அவன் கடையில் பிரேக்கை மிதித்தது ஒரு மூங்கில் கம்பு. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் அதை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்ப்பான்.

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக்கு வண்டி பார்க்க அவன் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து தூறிக்கொண்டிருந்தது. காவலுக்கு இருக்கும் கோட்டைச்சாமி, கார் கொட்டகையைத் திறந்துவிட்டார்.

"காலையில மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த அம்பாசிடர்தான் போகணும் ரவி. சின்ன மொதலாளி ஆசைப்பட்டுப் பின்னாடி எல்.இ.டி. லைட்டு மாட்டுனாக. சாவிய எடுத்த பெறகும் செவசெவன்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பாத்து வையி, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்."

ரவிக்குமாருக்குச் சிரிப்புதான் வந்தது. பழைய வண்டியில் புது விளக்கை மாட்டினால் இதெல்லாம் சகஜம். துளி கரண்ட் கசிந்தாலும் எல்.இ.டி. மினுக்கும். பேட்டரி வயரைக் கழற்றி வைத்தான்; விளக்கு அணைந்தது. துருப்பிடித்த எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினான். கம்பைத் தேடினான். அட கெரகமே, கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்!

கொட்டகை இருட்டிவிட்டது. மூடிய காருக்குப் பின்னால் நின்றபடி, பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

"மிதி."

விளக்கு எரிந்தது.

"விடு."

அணைந்தது.

பேட்டரி வயர் இன்னும் கழன்றுதான் கிடந்தது.

வேறு ஒருவனாக இருந்தால் ஓடியிருப்பான். இவனுக்கு, பாவம், நெஞ்சு நிறைய ஆசைதான் வந்தது.

"அகல்யா... நீயா புள்ள? நீதான்னா ரெண்டு தரம் மிதி."

விளக்கு ஒரு முறைதான் எரிந்தது. மெதுவாகச் சிவந்து, அப்படியே நின்றது.

இது அகல்யா இல்லை.

பீடி நாற்றம் மூக்கில் ஏறியது. எட்டி உள்ளே பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை. பிரேக் பெடல் மட்டும் அடிவரைக்கும் அமுங்கிக் கிடந்தது.

வெளியே வந்தவனை, திரும்பி வந்த கோட்டைச்சாமி பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிதிச்சாரா? பெத்தண்ணன்னு ஒருத்தரு. இந்த வண்டியோட பழைய டிரைவரு. கல்யாணம் காச்சி ஒண்ணும் இல்ல, இந்தக் கொட்டகையிலயேதான் கெடந்தாரு. ஒருநா காலையில பாத்தா ஸ்டியரிங்ல சாஞ்சு கெடக்காரு, காலு பிரேக்கு மேல. தூக்கிப்போட சொந்தம்னு ஒரு ஆளு வரலை ரவி."

அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்.இ.டி.யைக் கழற்றினான். பழைய பல்புகளையே மாட்டி, பேட்டரி வயரையும் திரும்பக் கொடுத்தான். எல்லாம் ஒழுங்காக எரிந்தது. கழற்றியதைப் பையில் போட்டுக்கொண்டு மானகிரி வந்து சேர்ந்தான்.

வீட்டில் கரண்ட் இல்லை. பையைக் கீழே வைத்தான்.

பைக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்தது.

எடுத்துப் பார்த்தான். வயர் இல்லை, பேட்டரி இல்லை, உள்ளங்கையில் அந்த எல்.இ.டி. பல்பு எரிந்துகொண்டிருந்தது. கண்மாய்த் தண்ணீரில் வீசிவிடலாம் என்று வாசல்வரை போனான். கவிழ்த்துவைத்த ஒற்றைத் தட்டும், யாரும் இழுத்து மூடாத அடுக்களைக் கதவும் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன. போக மனசு வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். பீடி வாசம் எதிரில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே," என்றான் மெல்ல. "நீங்க டிரைவருதான? ஆளைக் கூட்டியாரச் சொன்னா கூட்டியாருவீகள்ல? அங்குட்டு அகல்யான்னு ஒருத்தி இருப்பா. கூட்டிட்டு வாங்கண்ணே."

பல்பு அணைந்தது. பீடி வாசம் வாசலைத் தாண்டிப் போயிற்று.

கேட்ட பிறகுதான், தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது உறைத்தது. இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தூறல் நின்று, ஓட்டிலிருந்து சொட்டுவதும் நின்றது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

உள்ளங்கையில் பல்பு, சட்டுச்சட்டென்று இரண்டு முறை மின்னியது.